சீமெண்ணெய் ஊற்றிய கை

மாவு சலிக்கவும் முட்டை உடைக்கவும் அடுப்பின் சூடு பார்க்கவும் உங்களுக்கு இங்கே இருக்கிறவர்கள் சொல்லித் தருவார்கள். அதற்கு இந்தக் கடையை ஆரம்பித்த நான் வேண்டியதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பேச விரும்புவது சாக்லேட் கேக்கைப் பற்றி. நாம் செய்கிற பண்டங்களிலேயே ஆளை ஏமாற்றத் தோதானது அதுதான்.

வெள்ளைக் கேக்கில் வெண்ணெய் காறியிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அடி கருகியிருந்தால் கண்ணுக்கே தெரியும். கோக்கோ போட்ட கேக்கில் ஒன்றும் தெரியாது. கருப்போடு கருப்பாகப் போய்விடும். அதற்கு மேல் ஐசிங்கும் தடவி வைத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று செய்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சாக்லேட் கேக் செய்கிறவர்கள் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாக யோக்கியமாக இருக்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. இதற்காக எனக்கு ஒரு வேலை போயிருக்கிறது. இந்த ஊரில் ஒரு கெட்ட பெயரும் கிடைத்திருக்கிறது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, ஒரு பனியன் கம்பெனியின் சாயப் பட்டறையில் இருந்தார். கம்பெனிகளுக்கு டீ நேரத்துக்குப் பன்னும் வருக்கியும் போட்டுக்கொண்டிருந்த ஒரு பேக்கரியில் எனக்கு வேலை. தட்டுக் கழுவுவது, முட்டை உடைப்பது, கேக்குக்கு வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிப்பது. பெண்கள் நாங்கள் இரண்டே பேர். அடுப்பு அறைக்குள் நாங்கள் போகக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். போனால் ரொட்டி உப்பாதாம். நான் அவர் இல்லாத நேரங்களில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரொட்டி வழக்கம் போலத்தான் உப்பியது.

எங்கள் கேக்குக்கு ராத்தல் கேக் என்று பெயர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் ஒவ்வொரு ராத்தல். கிலோக் கணக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை. அதில் மாவைக் கொஞ்சம் குறைத்துக் கோக்கோ சேர்த்தால் சாக்லேட் கேக். கையால் அடித்தே வெண்ணெயை வெளுக்க வைக்க வேண்டும். மிஷின் எல்லாம் அப்போது கிடையாது. என் வலது தோள் இன்றைக்கும் இடது தோளைவிடத் தாழ்ந்திருப்பது அதனால்தான்.

அந்தச் சித்திரை வெயிலில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே கம்பெனியின் ஆர்டர். அதன் முதலாளி ஒரு ராவுத்தர். கம்பெனி ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆனதற்கு வேலைக்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு விழா வைத்திருந்தார். எல்லாருக்கும் ஒரு துண்டு சாக்லேட் கேக், மேலே ஐசிங் போட்டது. மொத்தம் பதினாறு கேக்.

வெள்ளிக்கிழமை காலையில் பேக்கரிக்குப் போனேன். வெண்ணெய் அண்டாவின் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஓரத்தில் மஞ்சள் பூத்து, நடுவில் நீர் பிரிந்து, காறல் வாடை வீசியது. எங்கேயோ தேங்கிக் கிடந்த வெண்ணெயை மலிவாகக் கிடைத்ததென்று பேக்கரி முதலாளி எடுத்து வந்திருந்தார். ஐஸ் இல்லாமல் அந்த வெயிலில் இரண்டு நாள் வைத்திருக்கவும் செய்தார்.

நான் போய்ச் சொன்னேன். "மொதலாளி, வெண்ணெய் கெட்டுப்போச்சுங்க. அடிக்க முடியாதுங்க."

அவர் எழுந்துகூட வரவில்லை. "சாக்லேட் கேக்குத்தானே புள்ளே? கோக்கோவ ஒரு பிடி சேத்திப் போடு. எசென்ஸ ரெண்டு மூடி ஊத்து. ஒண்ணுந் தெரியாது."

"கொழந்தைக திங்கறதுங்க."

"உங்கிட்ட வாடை பாக்கச் சொல்லலே. அடிக்கச் சொன்னேன்."

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு வெண்ணெய். இதே மாதிரி ஒரு பேச்சு. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்குப் போன கேக் அது. மூன்றாம் நாள் அந்தக் குழந்தையின் அம்மா பேக்கரி வாசலில் வந்து நின்றாள். குழந்தைக்கு வாந்தியும் பேதியும் நிற்காமல் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். "உங்க ஊட்டுத் தண்ணிய மொதல்ல பாரும்மா" என்று முதலாளி அவளை அனுப்பிவைத்தார். நான் பின்னால் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது. நான் பேசவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "நான் அடிக்க மாட்டேனுங்க."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு, "நீ அடி" என்றார். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா பக்கம் நடந்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். முந்தின வருஷம் நான் இருந்த இடத்தில் இப்போது அவள் இருந்தாள்.

அடுப்பு அறை வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எனக்கு வேலையில் தெரிந்ததெல்லாம் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் மற்றதோடு சேர்க்க வேண்டும் என்று என்னைப் பழக்கியவர் அவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி கேட்பார். நான் அவரைப் பார்த்தேன்.

"விட்டிரு தாயி" என்றார் மெதுவாக. "நமக்கு எதுக்கு?"

அந்த நிமிஷம்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் அடிக்க மாட்டேன் என்பதால் நிற்கப் போவது என் கை மட்டும்தான். கேக் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை அது பிள்ளைகளின் வாய்க்குப் போய்ச் சேரும். நான் சுத்தமான கையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாமென்று தோன்றியது.

அடுப்புப் பற்றவைக்கச் சீமெண்ணெய் டின் மூலையில் இருந்தது. எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அண்டாவுக்குள் கவிழ்த்தேன். பாதி டின் போயிருக்கும். அந்தப் பெண் "அக்கா!" என்று கத்தினாள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளி ஓடி வந்து பார்த்தபோது வெண்ணெயின் மேல் சீமெண்ணெய் வானவில் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"இனி எத்தன கோக்கோ போட்டாலும் மூடாதுங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டியதை இங்கே சொல்ல வேண்டாம். நான் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். கோபத்தில் செய்தாயா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அவ்வளவு நிதானமாக நான் என் வாழ்க்கையில் வேறு எதையும் செய்ததில்லை.

தெருவில் நடக்கும்போதுதான் அடுத்த யோசனை வந்தது. கெட்டதை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அத்தனை பிள்ளைகள் கேக்குக்காக வந்து நிற்பார்கள். அதற்கு யார் பதில் சொல்வது? நிறுத்தியவள்தான் சொல்ல வேண்டும். நேராக ராவுத்தரின் கம்பெனிக்குப் போனேன்.

அவர் பனியன் கட்டுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலுச்சாமியின் சம்சாரம் என்று என்னைத் தெரியும்.

"பேக்கரில வெண்ணெய் கெட்டுப்போச்சுங்க. அங்கிருந்து கேக்கு வராதுங்க. நானே என்ற ஊட்டுல செஞ்சு தர்றனுங்க" என்றேன்.

"அதைச் சொல்ல உன்ற மொதலாளி வரலியா?"

"நான் வேலைய உட்டுட்டனுங்க."

"ஏம்மா?"

"அந்த வெண்ணெய அடிக்கச் சொன்னாருங்க. நான் மாட்டேன்னுட்டனுங்க."

வெண்ணெயைப் பற்றிச் சொன்னது எல்லாம் உண்மை. சீமெண்ணெயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் வேலை தர மாட்டார் என்ற பயம். அது மட்டுமல்ல, "அங்கிருந்து கேக்கு வராது" என்று நானாகவே முடிவு கட்டிச் சொன்னேன். பேக்கரிக்காரர் வேறு ஏற்பாடு செய்வாரா மாட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் செய்த தப்பு சீமெண்ணெய் ஊற்றியது அல்ல. இதுதான்.

ராவுத்தர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஒண்ணு செஞ்சு காட்டு, பாக்கலாம். சாமானெல்லாம் எங்காளு வாங்கித் தருவான்."

அன்று மத்தியானமே, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்குப் பஸ் ஏறி நானே வெண்ணெய் பார்த்து எடுத்தேன். அதை வேறொருவர் மூக்கை நம்பி விட எனக்கு மனமில்லை. எங்களுடையது லைன் வீடு. ஒரே வாசல், ஆறு குடித்தனம். சதுர டின்னை ஒரு பக்கம் வெட்டிக் கதவு வைத்து, அடியில் மணல் பரப்பி, கீழே கரி, மேலே தகரத்தில் கரி. இதுதான் அடுப்பு. அதை என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தார். செய்துகொண்டே கேட்டார்.

"மாராத்தா, நீ அங்க சீமெண்ணெய ஊத்துனியாமே? பேக்கரிப் பக்கம் போன ஒருத்தன் எங்கிட்டச் சொன்னான்."

"ஆமாங்க."

"ராவுத்தர்கிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அவரு ஊட்டு உப்பத்தானே நானுந் திங்கறேன். நாளைக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சேத்தி வேலை போயிரும். இப்பவே போய்ச் சொல்லிப்போடு."

"கேக்கு முடியட்டுமுங்க. சொல்றேன்."

அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் கேக் சாயங்காலம் ஆறு மணிக்கு வெந்து வந்தது. ஓரத்தில் லேசான வெடிப்பு, நடுவில் மெத்தென்று. ராவுத்தர் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார். "நாளைக்கே ஆரம்பிச்சுரு" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் போசி, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று டின் அடுப்பு. கேக் அச்சுக்குப் பால் பவுடர் டின்களும் அலுமினியப் போசிகளும். பன்னிரண்டு மணி வரை எல்லாம் நன்றாகப் போனது. ஏழு கேக் இறக்கியாகிவிட்டது. எட்டாவதற்கு வெண்ணெயைக் கையில் எடுத்தபோது அது விரலிடுக்கில் வழிந்தது. உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. காற்றைப் பிடிக்காத கேக் செங்கல்.

"நிறுத்துங்க" என்றேன்.

"இன்னும் ஒம்போது இருக்குதே!" என்றார் என் வீட்டுக்காரர். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வெயில் தாழட்டுமுங்க."

"நாலு மணி நேரம் சும்மா உக்கோந்திருப்பியா?"

"சும்மாதான் உக்கோந்திருப்பேன்."

வெண்ணெய்ப் போசியை ஈர மணலில் புதைத்து, மேலே ஈரச்சாக்குப் போட்டேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நாலு மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலில் கஷ்டமானது வேகமாகச் செய்வதல்ல. நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதுதான். உங்களை யாராவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினால் வெண்ணெயைக் காட்டுங்கள். அவர்கள் போய் அதை விரட்டட்டும். பொழுது இறங்கியதும் மறுபடி ஆரம்பித்தோம். ராத்திரி பத்து மணிக்குள் பதினாறும் முடிந்தது.

ஞாயிறு காலை ஐசிங். பேக்கரியில் வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் குழைத்துத் தடவுவோம். அந்த வெயிலில் அதைத் தடவினால் மேடைக்குப் போவதற்குள் ஓடிவிடும். நான் வேறு ஒன்று யோசித்தேன். பாலும் சர்க்கரையும் கோக்கோவும் சேர்த்துப் பாகு காய்ச்சி, இறக்கும்போது கொஞ்சமே வெண்ணெய் போட்டு அடித்து, சூட்டோடு ஊற்றினால் பர்பி மாதிரி மேலே பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் செய்து பார்த்ததில்லை. முதல் சட்டி பதம் தாண்டிக் கல்லாகிவிட்டது. கரண்டியையே எடுக்க முடியவில்லை. மிச்சமிருந்த சர்க்கரை இன்னும் ஒரு சட்டிக்குத்தான். இரண்டாவது சட்டியில், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, அது உருளத் தொடங்கும்போதே இறக்கினேன். கை வலிக்க அடித்து ஊற்றினேன். கேக்கின் மேல் பளபளவென்று பரவி, விரலை வைத்தால் ஒட்டாமல் நின்றது. நம் கடையில் இன்றைக்கும் கோடையில் போடும் ஐசிங் அதுதான்.

மூன்று மணிக்கு மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, வெள்ளை வேட்டி போர்த்தி, கேக்குகளைக் கம்பெனிக்குக் கொண்டு போனோம். முற்றத்தில் பந்தல். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக ஒரே கூட்டம். பதினாறு கேக்கையும் பெஞ்சில் வரிசையாக வைத்தபோது பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த நிமிஷம் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து பேக்கரி முதலாளி இறங்கினார். பின்னால் மாஸ்டர். அவர் கையிலும் வண்டியிலும் கேக் தட்டுகள்.

ராவுத்தர் என்னைப் பார்த்தார். "வராதுன்னியே?"



பேக்கரி முதலாளி பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "இவ செஞ்சதையா கொழந்தைகளுக்குக் குடுக்கப் போறீங்க? எங்க பேக்கரி வெண்ணெய்ல சீமெண்ணெய ஊத்திப்போட்டு ஓடி வந்தவ இவ! திங்கற பொருள்ல சீமெண்ணெய ஊத்துன கைங்க அது! நம்பலீனா மாஸ்டரக் கேளுங்க."

ராவுத்தர் மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஊத்துச்சு. நான் பாத்தேன்."

அதோடு நிறுத்திக்கொண்டார். வெண்ணெய் எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. ஆனால் அடுத்த நொடியே ஒன்று உறைத்தது. அவர் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. நான் ராவுத்தரிடம் சொன்னதும் பாதி உண்மைதான். அவருடையது ஒரு பாதி, என்னுடையது இன்னொரு பாதி.

"ஏம்மா, ஊத்துனியா?" ராவுத்தர் கேட்டார்.

"ஊத்துனேனுங்க. கெட்ட வெண்ணெய்ங்க அது. நான் மாட்டேன்னாலும் வேற ஆள வெச்சு அடிச்சு இந்தக் கொழந்தைகளுக்கே குடுத்திருப்பாங்க. அதனால ஊத்துனேன்."

"எங்கிட்ட ஏஞ் சொல்லலே?"



அவர் நல்ல மனிதர். ஆனால் அத்தனை பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். இரண்டு பேர் கேக்கும் வேண்டாம் என்று கையை அசைத்தார். கடைவீதிக்கு ஆள் அனுப்பிப் பூந்தி வாங்கி வரச் சொன்னார். பேக்கரிக்காரர் தன் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது அவர் முகத்தில் சந்தோஷம்தான். அவர் கேக் போனாலும் என் கேக்கும் போனதே. அவர் கொண்டு வந்தது புது வனஸ்பதியில் செய்த கேக் என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றாகவே இருந்திருக்கலாம். அப்படியென்றால் அதுவும் நான் ஊற்றிய சீமெண்ணெயால் வந்த நன்மைதான்.

என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். "வா, ஊட்டுக்குப் போலாம்."

"இல்லீங்க. பெஞ்ச ஒரு கை புடிங்க."

"எங்க?"

"வாசலுக்கு வெளிய."

கம்பெனி உள்ளே ராவுத்தருடைய இடம். அங்கே வெட்டாதே என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தெரு யாருடையதும் இல்லை. பெஞ்சைத் தெருவில், வேப்பமர நிழலில் போட்டோம். பதினாறு கேக்கையும் மறுபடி அடுக்கினோம். விழா முடிந்து, பூந்திப் பொட்டலத்தோடு கூட்டம் வெளியே வந்தது. பிள்ளைகள் கேக்கைப் பார்த்து நின்றார்கள். தாய்மார்கள் அவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

நான் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் பேசினேன். வெள்ளிக்கிழமை அண்டாவைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின வருஷம் வாயை மூடிக்கொண்டு அடித்ததைச் சொன்னேன். சீமெண்ணெய் ஊற்றியதைச் சொன்னேன். ராவுத்தரிடம் மறைத்ததையும் சொன்னேன். "இவ்வளவுதானுங்க. இனி வேணுங்கறவங்க வாங்கிக்குங்க. வேண்டாங்கறவங்க போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன்.

யாரும் அசையவில்லை. கம்பெனியில் பனியனுக்குக் கை மடித்துத் தைக்கும் பிரிவில் குப்பாத்தாள் என்று ஒரு பெண். வாய்க்குப் பேர் போனவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். கூடவே ஆறேழு வயது மகள்.

"அதுல ஊத்துனவ இதுல ஊத்தியிருக்க மாட்டீன்னு என்ன நிச்சயம்?"

"மோந்து பாருங்கக்கா."

குனிந்து முகர்ந்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. விரலால் ஐசிங்கை ஓரத்தில் சுரண்டி நாக்கில் வைத்தாள். "வெட்டு" என்றாள். வெட்டிக் கொடுத்தேன். முழுத் துண்டையும் தின்று முடித்தாள், நின்றாள், யோசித்தாள். 

பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ணு, வா. ரெண்டாத் தரச் சொல்லு."

அதற்கப்புறம் வெட்ட எனக்குக் கை போதவில்லை. லைன் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மூக்கு, கன்னம் எல்லாம் சாக்லேட். பொழுது சாய்வதற்குள் பெஞ்சில் பொடிகூட மிச்சமில்லை.

கூட்டம் கலைகிறபோது ராவுத்தர் வாசலுக்கு வந்தார். காலியான தட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமையே எல்லாஞ் சொல்லியிருந்தீன்னா உள்ளயே வெட்டியிருக்கலாமே, மாராத்தா?"

"வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தா எனக்கு வேலையே குடுத்திருக்க மாட்டீங்களே, ஐயா?"

அவர் யோசித்தார். அவசரப்படாமல், நேர்மையாக யோசித்தார். "ஆமா. குடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பதிலுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. என் வீட்டுக்காரரின் வேலைக்கு அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் எனக்கு அடுத்த ஆர்டர் கொடுக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. ஊரில் எந்த பேக்கரியும் என்னை உள்ளே விடவில்லை. 'சீமெண்ணெய்க்காரி' என்று பெயர் வைத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வீட்டிலேயே டின் அடுப்பில் செய்து விற்றேன். அதுதான் வளர்ந்து இந்தக் கடையானது. வாங்க வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அன்று தெருவில் நின்று தின்றவர்கள்தான். மாஸ்டர் கடைசி வரை அந்த பேக்கரியில்தான் இருந்தார். கடைவீதியில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஐந்து பிள்ளைகள் அவருக்கு. நான் கூப்பிட்டு நிறுத்திச் சண்டை போட்டதில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னதும் இல்லை.

உள்ளே மறைத்ததைத் தெருவில் சொன்னேன். வேலை கிடைக்காது என்று தெரிந்தாலும் முதலில் உள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். கிடைக்காமல் போயிருந்தால் அன்றைக்கே தெருவில் பெஞ்சைப் போட்டிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் கற்றுக்கொள்ள ஒரு விழா கெட்டுப்போனது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

வெண்ணெயில் ஊற்றியதற்கு மட்டும் என்னிடம் வருத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. நாளைக்கு உங்களிடம் யாராவது கெட்ட சாமானைக் கொடுத்து, சாக்லேட்தானே, தெரியாது, அடி என்று சொல்வார்கள். மேஸ்திரி சொல்லலாம், முதலாளி சொல்லலாம், கடையை இப்போது நடத்தும் என் மகன் சொல்லலாம். வயசாகி மூக்கு மழுங்கிப்போய் நானே சொல்லலாம். அடிக்காதீர்கள். அடுத்தவளை வைத்து அடிப்பார்கள் என்றால் அதையும் நடக்க விடாதீர்கள். இங்கே இப்போது எல்லாம் கேஸ் அடுப்பு, சீமெண்ணெய் கிடையாது. வேறு என்ன ஊற்றலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.